சிறுவாட்டுக் காசும் மோனெரோவும்

"மோனெரோ வாங்கினா போலீஸ் பிடிக்குமாடா?"

இந்த மாசத்தில் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறவனிடம் ஷேர் மார்க்கெட், ஜி.எஸ்.டி., சீட்டுக் கம்பெனி என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அதுவும் தலைச்சோலையிலிருந்து மலை இறங்கி சேலம் போய்ப் படிக்கிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். வைத்திருப்பதற்காக யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நாள் கேள்வி வரலாம். வந்தால் கையில் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை மோனெரோ உங்களுக்காக எடுத்து வைத்திருக்காது. மீதி எல்லாம் இந்தக் கடைசி வரிக்கு விளக்கம்தான். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே கிளம்பலாம் :-)

பணத்தை மறைக்கிறவன் எல்லாம் திருடன் என்கிற நினைப்பை முதலில் கழற்றி வைத்துவிடுவோம். நம் வீடுகளில் சிறுவாடு என்று ஒன்று உண்டு. கடுகு டப்பா, அரிசிப் பானை, பழைய புடவை மடிப்பு என்று அம்மாவும் ஆயாவும் சேர்த்து வைக்கிற காசு. அப்பாவுக்குத் தெரியாது. (தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார், அது வேறு கதை.) எத்தனை பேருக்குக் கடைசி நாளில் கட்டின பரீட்சை ஃபீஸ் அந்த டப்பாவிலிருந்து வந்திருக்கும்! அதை யாராவது கறுப்புப் பணம் என்று சொல்வோமா?

2016 நவம்பர் 8 ராத்திரி 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது இந்த டப்பாக்கள் எல்லாம் வெளியே வந்தன. இல்லத்தரசிகள் 2.5 லட்சம் ரூபாய் வரை வங்கியில் போட்டால் துருவிக் கேட்க மாட்டோம் என்று அரசாங்கமே சொன்னது. அப்படியும் 2,11,500 ரூபாய் போட்ட ஒரு அம்மாவிடம் வரித்துறை கேள்வி கேட்டது. அந்தத் தொகையை அவருடைய வருமானத்தோடு சேர்த்தும் விட்டது. வழக்கு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு வரை போனது. பணமதிப்பிழப்பு நேரத்தில் இல்லத்தரசிகள் போட்ட 2.5 லட்சம் வரையான தொகையை வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2021-ல் தீர்ப்பு வந்தது.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு பாடம். ஒன்று, ரகசியமாகச் சேர்ப்பது குற்றம் இல்லை. இரண்டு, ரகசியமாகச் சேர்த்த காசுக்கும் ஒரு நாள் "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி வரும். மோனெரோவைப் பற்றி நான் சொல்லப்போவதும் இந்த இரண்டும்தான்.

சரி, ரகசியம் எதற்கு? எங்கள் மலைக்கு வந்து பாருங்கள், தெரியும். மிளகு விற்ற காசு கைக்கு வந்த அன்று சாயங்காலத்துக்குள் எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த நாள் காலையில் கடன் கேட்க ஒருவர், சீட்டில் சேர்க்க ஒருவர், கோயில் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு நான்கு பேர். இப்போது யு.பி.ஐ. வேறு வந்துவிட்டதா, டீக்கடையில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி நாம் கொடுக்கிற தொகையைத் தெருவுக்கே கத்திச் சொல்கிறது. எந்த மருந்துக் கடையில், எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு கொடுத்தோம் என்பது எல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. திருடனுக்கு, உறவுக்காரனுக்கு, விளம்பரக் கம்பெனிக்கு என் காசு விவரம் தெரிய வேண்டாம் என்று நினைப்பது நியாயமான ஆசை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

இந்த ஆசைக்கு பிட்காயின் உதவாது என்பது பலருக்குத் தெரியாது. பிட்காயின் நம்ம ஊர் மொய் நோட்டு மாதிரி. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று மைக்கில் படித்து, நோட்டிலும் எழுதிவிடுவார்கள். ஒரே வித்தியாசம், உண்மைப் பெயருக்குப் பதில் ஒரு நீளமான முகவரி இருக்கும். அந்த முகவரி உங்களுடையது என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் போதும், அந்த முகவரியின் வரவு செலவு அத்தனையும் அவர் படிக்கலாம். பத்து வருடம் கழித்தும் படிக்கலாம்.

2014 ஏப்ரலில் வந்த மோனெரோ, கோயில் உண்டியல் மாதிரி. போட்டது யார், எவ்வளவு என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. உள்ளே மூன்று ஏற்பாடு இருக்கிறது. அனுப்புகிறவரின் காசோடு வேறு ஆட்களின் பழைய காசு 15 கலந்து, 16-ல் எது உண்மை என்று தெரியாமல் செய்வது ஒன்று. வாங்குகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒருமுறை மட்டும் பயன்படும் புது முகவரி உண்டாவது இரண்டாவது. தொகையையே மறைப்பது மூன்றாவது, இது 2017-ல் சேர்ந்தது. 2016-ல் வந்த இசட்கேஷ் வேறு கணக்கு முறையில் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதில் மறைத்தும் அனுப்பலாம், வெளிப்படையாகவும் அனுப்பலாம், நம் இஷ்டம்.

இனி என் வகுப்பு நண்பன் ஒருவனின் கதை. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நன்றாக டிசைன் செய்வான். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு லோகோ போட்டுக் கொடுத்தான். அவர் மோனெரோவில் கூலி கொடுத்தார். இதுவரை எல்லாம் நேர்மையான உழைப்பு. அதை ரூபாயாக மாற்ற, டெலிகிராமில் பழக்கமான முகம் தெரியாத ஒருவருக்கு விற்றான். 22,000 ரூபாய் யு.பி.ஐ.யில் வந்தது. மூன்று வாரம் கழித்து ஏ.டி.எம். போனால் அக்கவுண்ட் முடக்கம். எங்கோ வட மாநிலத்தில் 'வீட்டிலிருந்தே வேலை' என்று ஏமாந்த ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். அவர் இழந்த பணம் நாலைந்து கை மாறி, அதில் ஒரு பங்குதான் இவனுக்கு வந்த 22,000. இவனுடைய ஸ்காலர்ஷிப் பணமும் அதே அக்கவுண்டில்தான். பரீட்சை ஃபீஸை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கட்டினோம்.

விசாரணையில் கேட்டது ஒரே கேள்விதான். "இந்த ஆள் உனக்கு எதற்குப் பணம் அனுப்பினார்?" மோனெரோ கொடுத்தேன் என்றான். "கொடுத்ததற்கு அத்தாட்சி?"

இங்கேதான் மாட்டிக்கொண்டான். விற்ற கையோடு வாலட் ஆப்பை அழித்துவிட்டான், ரகசியமாம். சாட் எல்லாம் தானாக மறைகிற மெசேஜ். நல்லவேளை 25 சீட் சொற்களைத் தாளில் எழுதி வைத்திருந்தான். அதை வைத்து வாலட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் ஒரு சிக்கல். மோனெரோவில் "இன்ன முகவரிக்கு இவ்வளவு அனுப்பினேன்" என்று மூன்றாம் ஆளிடம் நிரூபிக்க, அந்தப் பரிமாற்றத்துக்கென்று தனியாக ஒரு ரகசியச் சாவி உண்டு. அது அனுப்பின வாலட்டில் மட்டும்தான் பதிவாகியிருக்கும். சீட் சொற்களிலிருந்து வாலட்டை மீட்டால் மிச்சக் காசு வரும், அந்தச் சாவி வராது. யாருக்கு அனுப்பினோம் என்ற முகவரியும் வராது.

பிட்காயினாக இருந்திருந்தால் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பரிமாற்றத்தைக் காட்டியிருக்கலாம். மோனெரோ ஊருக்கு மட்டுமில்லை, உரிமையாளருக்கே மறந்துவிடும். கடைசியில் அவனைக் காப்பாற்றியது வெளிநாட்டுக்காரரோடு நடந்த ஈமெயில்தான். வேலை கேட்டது, லோகோ அனுப்பினது, கூலி பேசினது எல்லாம் அதில் தேதியோடு இருந்தது. நான்கு மாதம் கழித்து அக்கவுண்ட் திறந்தது. அந்த 22,000-ஐ மட்டும் இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ஒரு முதலீட்டாளர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் கொடுத்து வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயம் வாங்கினார். 2024 ஜூலை 18-ல் அந்த எக்ஸ்சேஞ்சை ஹேக் செய்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவை அடித்துக்கொண்டு போனார்கள். எல்லோருடைய கணக்கும் முடங்கியது. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்குபோட வேண்டும் என்றது நிறுவனம். திருடு போனது வேறு நாணயங்கள், என்னுடையதை ஏன் தொடுகிறீர்கள் என்று இவர் கோர்ட்டுக்குப் போனார். 2025 அக்டோபர் 25-ல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்னார். கிரிப்டோ நாணயம் சட்டப்படி ஒரு சொத்து, அதை ஒருவர் வைத்திருக்கலாம், அனுபவிக்கலாம், மற்றவர் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கவும் செய்யலாம் என்று சொல்லி அவருடைய நாணயத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்.

நான் கவனித்தது வேறு. எத்தனை நாணயம் என்று புள்ளி வைத்துச் சொல்ல முடிந்தது. கொடுத்த ரூபாய் கடைசி ஒற்றை இலக்கம் வரை தெரிந்தது. பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதற்கு ஆதாரம் இருந்தது. சொத்து என்று கோர்ட்டே சொன்னாலும், என் சொத்து என்று நிரூபிக்கிற வேலை நம்முடையது. மற்ற நாணயத்தில் பாதி வேலையை எக்ஸ்சேஞ்சும் பிளாக்செயினும் செய்துவிடும். மோனெரோவில் முழு வேலையும் நம் தலையில்.

அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது? தேதிவாரியாகப் பார்த்தால் குழப்பம் வராது.

2018 ஏப்ரல் 6: கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை.

2020 மார்ச் 4: அந்தச் சுற்றறிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன்.

2022: நிதிச் சட்டம் வழியாக லாபத்துக்கு 30% வரி, ஜூலை 1 முதல் 1% டி.டி.எஸ்.

2023 மார்ச்: எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. எஃப்.ஐ.யு. என்று பேப்பரில் வருகிற நிதிப் புலனாய்வுப் பிரிவில் அவை பதிவு செய்ய வேண்டும்.

2023 டிசம்பர் 28: பதிவு செய்யாமல் இங்கே வியாபாரம் செய்த பைனான்ஸ், குகாயின், கிராகென் உட்பட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ். அதில் பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம்.

2025 பிப்ரவரி 1: வருமான வரி சோதனையில் சிக்கும் 'மறைத்த வருமானம்' என்ற பட்டியலில் கிரிப்டோவும் சேர்ந்தது.

இதில் எதிலும் தனி ஆள் மோனெரோ வைத்திருப்பது குற்றம் என்று இல்லை. ஆனால் அடையாளத்தை மறைக்கிற நாணயம் என்றாலே எக்ஸ்சேஞ்சுகள் ஒதுங்கிப் போகின்றன. தென் கொரியாவில் 2021-க்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். துபாயில் 2023-ல் தடை. பைனான்ஸ் 2024 பிப்ரவரி 20-ல் மோனெரோவை எடுத்துவிட்டது. அதனால் நம் பையன்கள் என்ன செய்கிறார்கள்? வேறொரு நாணயம் வாங்கி, அதை மோனெரோவாக மாற்றிக்கொள்கிறார்கள். இங்கேதான் பி.காம். மூளை கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். ஒரு நாணயத்தை இன்னொரு நாணயமாக மாற்றுவதும் வரிச் சட்டத்தின் கண்ணில் விற்பனைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 10,000 ரூபாய்க்கு ஒரு நாணயம் வாங்குகிறீர்கள். அது 14,000 ஆனதும் மோனெரோவாக மாற்றுகிறீர்கள். கையில் ஒரு ரூபாய் வரவில்லை, ஆனாலும் 4,000 லாபம். 30% என்றால் 1,200, அதன் மேல் 4% செஸ் 48, ஆக 1,248. பிறகு மோனெரோ விலை இறங்கி 11,000-க்கு விற்கிறீர்கள். 3,000 நஷ்டம். அந்த நஷ்டத்தை முந்தைய லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. மொத்தத்தில் நீங்கள் சம்பாதித்தது 1,000. வரி 1,248! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது இதற்கும் பொருந்தும். மாணவன்தானே, வருமானமே இல்லையே என்றும் தப்பிக்க முடியாது. இந்த 30%-க்கு அடிப்படை விலக்கு வரம்பு கிடையாது. என் நண்பனைப் போல வேலைக்குக் கூலியாக வந்தால், வந்த அன்றைய ரூபாய் மதிப்பு முதலில் வருமானம். பிறகு விலை ஏறி விற்றால் அந்த ஏற்றத்துக்குத் தனியாக 30%.

இவ்வளவும் தெரிந்தும் வேண்டும் என்கிறவர்களுக்கு, நண்பன் கதைக்குப் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட பட்டியல் இது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, என்ன வந்தது அல்லது போனது, எத்தனை நாணயம், அன்றைய ரூபாய் மதிப்பு, யாரிடமிருந்து அல்லது யாருக்கு, எதற்காக, பரிமாற்ற எண் என்று ஏழு கட்டம். அனுப்பினால் எட்டாவது கட்டமும் உண்டு. வாலட் காட்டுகிற அந்தப் பரிமாற்றச் சாவியை அன்றே எழுதிவிட வேண்டும்.

சீட் சொற்கள் காகிதத்தில் மட்டும். ஸ்கிரீன்ஷாட், ஈமெயில், கூகுள் டிரைவ் எதுவும் வேண்டாம். எங்கள் ஊர் மாதிரி பனியும் ஈரமும் உள்ள இடத்தில் காகிதம் ஊறிப்போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு வீட்டில் வையுங்கள். தொலைந்தால் மறுபடி கொடுக்க பேங்க் மேனேஜர் கிடையாது.

வாலட்டை அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் இறக்குங்கள், இறக்கினதும் அந்தக் கோப்பின் ஹேஷ் எண்ணைச் சரிபாருங்கள். 2019 நவம்பரில் மோனெரோவின் அதிகாரப்பூர்வ தளத்திலேயே யாரோ புகுந்து, காசு திருடுகிற போலி வாலட்டைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டார்கள். ஹேஷ் பொருந்தவில்லையே என்று ஒரு பயனாளர் கவனித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

பார்வைச் சாவி என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால், காசைத் தொட முடியாமல் வரவை மட்டும் ஆடிட்டர் பார்க்கலாம். மோனெரோவில் அது செலவைச் சரியாகக் காட்டாது, அதற்கும் நோட்டுதான் துணை. இசட்கேஷில் முழுப் பார்வைச் சாவி வரவு, செலவு இரண்டையும் காட்டும். ஊருக்கு மறைத்து, கேட்க உரிமை உள்ளவருக்கு மட்டும் திறந்து காட்டுகிற வசதி இது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

முகம் தெரியாதவரோடு கொடுக்கல் வாங்கல் வேண்டவே வேண்டாம். பேசின ஆளின் பெயரும், பணம் வருகிற அக்கவுண்டின் பெயரும் வேறாக இருந்தால் உடனே விலகுங்கள். கமிஷன் தருகிறேன், உன் அக்கவுண்டைக் கொடு என்று வருகிறவர் யாராக இருந்தாலும், சொந்தக்கார அண்ணனாகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் 1930-க்கு உடனே போன்.

கடைசியாக, மோனெரோ என்றால் யாரும் கண்டுபிடிக்கவே முடியாது என்று நம்பித் தப்பான வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். அதைத் துப்பறியும் கருவி செய்து கொடுத்தால் 6,25,000 டாலர் வரை தருகிறோம் என்று அமெரிக்க வரித்துறை 2020-லேயே அறிவித்தது. பிளாக்செயினில் இன்று பதிவானது என்றைக்கும் இருக்கும். பூட்டு இன்று திறக்காவிட்டாலும், பெட்டி அங்கேயேதான் இருக்கப் போகிறது.

சிறுவாடு சேர்த்த பெண்கள் யாரும் நோட்டுப் போட்டதில்லை. ஆனால் எந்த நோட்டு எந்த மாசம் வந்தது, பால் காசில் மிச்சம் பிடித்ததா, தம்பி தீபாவளிக்குக் கொடுத்ததா என்று மனசுக்குள் ஒரு பேரேடு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தக் காசை யார் கேட்டாலும் அவர்களால் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தது. நமக்கு அவ்வளவு ஞாபக சக்தி கிடையாது. நாற்பது பக்க நோட்டு இருபது ரூபாய்க்குள் வந்துவிடும், வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: நான் ஆடிட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அரியர் இல்லாத ஒரு காமர்ஸ் மாணவன், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் மோனெரோ வாங்க ஓட வேண்டாம். ஏற்கெனவே வாங்கினவர்கள், முதலில் ஓடிப்போய் அந்தப் பரிமாற்றச் சாவியை எழுதி வையுங்கள்.